ஆறாவதாக எழுந்த கை

நவம்பர் 19

மதிப்பிற்குரிய மூன்றாவது வார்டு நகர்மன்ற உறுப்பினர் நாடின் தெலோர்ம் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. அதனால் மேலே இருப்பதை வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை பார்வையாளர் வரிசையில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாய். பார்க்காததுபோல் தண்ணீர் குடித்தாய். என் பக்கத்தில் பவுலீன், அவளுக்குப் பின்னால் அணியின் மற்றப் பெண்களின் அப்பா அம்மாக்கள். கிழக்குக் கரை ஐஸ் அரங்கத்தை மூடி, இடித்து, இடத்தை விற்றுவிடுவது என்ற தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். மேயரையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கும் மன்றத்தில் ஐந்து கைகள் எழுந்தன. தோற்றுவிட்டோம் என்று அப்போதே புரிந்துவிட்டது. தோல்வி எனக்கொன்றும் புதிதல்ல. பன்னிரண்டு வயதுப் பெண்களின் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோச்சாக இருப்பவன் வாரத்துக்கு ஒருமுறை தோற்றுப் பழகியவன்தான்.

அதற்குப் பிறகு நீ கை தூக்கினாய். ஆறாவதாக. உன் கை அவர்களுக்குத் தேவைகூட இல்லை.

பவுலீன் என் முழங்கையை இடித்து, "ரெமி, அது உங்க அக்காதானே?" என்றாள். "இல்ல, அவங்க ஜாடையில வேற யாரோ" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உன் தேர்தல் பலகையை என் வீட்டு முற்றத்தில் உறைந்த மண்ணில் சுத்தியலால் அடித்து நட்டவன் நான். கோல்காப்பாளர் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு எலோடி உனக்காகத் தெருத்தெருவாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். இப்போது, "அத்தை ஏன்ப்பா கை தூக்கினாங்க?" என்று கேட்கிறாள். சாப்பிடும்போது கேட்கிறாள், காரில் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் வர வேண்டாம். பதில் இருந்தால் எழுது. உன் குரலைக் கேட்க விருப்பமில்லை.

இப்படிக்கு,
உன் வார்டில் வரி கட்டும் ஒருவன்

*

நவம்பர் 24

ரெமி,

கையால் எழுதுகிறேன். மன்றத்து மின்னஞ்சலில் எழுதினால், யார் விண்ணப்பித்தாலும் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் எழுதுவது உனக்கு மட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. இப்போது சொல்ல முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் நிற்க இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது மிகவும் குறுகலான இடம். நெடுநேரம் நிற்க முடிவதில்லை.

நேற்று மளிகைக் கடைக்குப் போனேன். வழக்கமாக என் முட்டிவலியை விசாரிக்கும் அந்தக் காசாளர் பெண் முகத்தையே பார்க்கவில்லை. கடைசியில், "பை வேணுமா மேடம், இல்ல அதையும் மூடிட்டீங்களா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல கேலிதான். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பையே வாங்காமல் உருளைக்கிழங்கைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிசம்பர் மன்றக் கூட்டம் முடியும்வரை பொறு. அதுவரை சனிக்கிழமை வானொலியில் உன் விளையாட்டு அரைமணியில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று மட்டும் பேசு. மன்றத்தைப் பற்றிப் பேசாதே. குறிப்பாக மன்றத்தில் இருப்பவர்களைப் பற்றி.

எலோடியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். அத்தையிடம் கேட்டேன், அத்தை சொல்லவில்லை என்று சொல். அது உண்மை.

நாடின்

*

டிசம்பர் 2

நாடின்,

பொறு என்று எழுதியிருந்தாய். பொறுக்கவில்லை. நீயும் கேட்டிருப்பாய், இந்த ஊரில் சனிக்கிழமை காலை அதைக் கேட்காதவர் யார்? கேட்காமல் இருந்திருந்தால் என் வாயாலேயே தெரிந்துகொள்.

மேற்குக் கரையோடு நாங்கள் தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசத்தான் மைக் முன்னால் உட்கார்ந்தேன். முதல் அழைப்பே, "ரெமி, அடுத்த வருஷம் உங்க பொண்ணுங்க எங்க ஆடுவாங்க, நாடினோட வரவேற்பறையிலயா?" என்று வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டது. "எங்க அக்கா பொறு, பொறுங்கறாங்க. பொறுத்தா பழைய கூரை புதுசா முளைக்குமா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூக்கடை கிரெட்டா ஹோல்மும் மூடத்தான் வாக்களித்தார் என்று இன்னொருவர் சொல்ல, "அந்தம்மா வாழ்க்கையில ஒரு ஹாக்கி ஆட்டம் பார்த்திருப்பாங்களா? நாங்க அடிக்கற பக்னு சொன்னா அது ஏதோ செடியோட பேருன்னு நினைச்சு தண்ணி ஊத்துவாங்க" என்றேன்.

நிலையத்தில் தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரிந்தன. அரைமணி முடிந்தும் அழைப்புகள் நிற்கவில்லை. பேருந்துப் பணிமனையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் திங்கட்கிழமை எனக்குக் கைதட்டினார்கள். ஒருவன் என் கருவிப்பெட்டியில் ஒரு பூந்தொட்டியை வைத்து, அதன் நடுவில் கறுப்பு ரப்பர் வட்டான ஒரு பக்கை நட்டிருந்தான்.

இதையெல்லாம் எழுதும்போது இருந்த சந்தோஷம் இந்த வரியில் இல்லை. நான் பேசிக்கொண்டிருந்தபோது எலோடி வீட்டில் வானொலியை அணைத்துவிட்டாளாம். ஏன் என்று கேட்டால், "அத்தைய அப்படிச் சொல்லாதீங்க. ஆனா அத்தையும் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்கிறாள். இரண்டு பக்கமும் விசில் ஊதுகிறாள்.

ரெமி

*

டிசம்பர் 13

ரெமி,

இப்போது சொல்லலாம். அரங்கத் தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று நேற்றைய கூட்டத்தில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டேன். நாளைய செய்தித்தாளிலும் வரும். ஆனால் நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு முடிவு எடுத்தபின் அதை மறுபடி விவாதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், வென்ற பக்கத்தில் வாக்களித்த ஒருவர்தான் கேட்க முடியும். தோற்ற பக்கம் ஓராண்டுக்கு வாயைத் திறக்க முடியாது. ஓராண்டில் அந்த இடத்தில் அரங்கமே இருக்காது.

அன்றைக்கு கிரெட்டா நம் பக்கம் என்று நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். அவரோடு சேர்த்து நாம் ஐந்து பேர். அவர் கை அந்தப் பக்கம் எழுந்தது. ஐந்து எண்ணினேன். முடிந்துவிட்டது. என் கையைக் கீழேயே வைத்திருந்தால் நான்கு பேர் கௌரவமாகத் தோற்றிருப்போம். நீ என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் சூப் கொடுத்திருப்பாய். அரங்கம் போயிருக்கும். அதனால் தூக்கினேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? முன்னறிவிப்பை அடுத்த கூட்டத்தில்தான் கொடுக்க முடியும். கொடுத்துவிட்டால் மறுவாக்கு முடியும்வரை எல்லாம் அப்படியே நிற்கும். அதற்குள் விஷயம் வெளியே தெரிந்திருந்தால், இடிக்கும் ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். போட்டபின் எந்த விதியாலும் பயனில்லை. நீ சனிக்கிழமைதோறும் மைக் முன்னால் உட்காருகிறவன். ரகசியம் காப்பாற்றுவேன் என்று நீ சத்தியம் செய்வாய், மனப்பூர்வமாகத்தான் செய்வாய். யாராவது என்னைத் திட்டினால் முதல் நிமிடத்திலேயே எனக்காகக் கத்திச் சொல்லிவிடுவாய். உன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. உன் அன்பை நம்பித்தான் பயந்தேன்.

ஆனால் கோபமும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவன் நீ. ஒரு கணம் எழுந்த ஒரு கையை வைத்து மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டாய். அவள் அப்படிச் செய்ய ஒரு காரணம் இருக்கும் என்று ஒரு நாளாவது, ஒரு வேளைச் சாப்பாட்டு நேரமாவது உனக்குத் தோன்றவில்லையா?

இன்னொன்று. ஜனவரியில் வெல்ல எனக்கு ஒரு வாக்கு குறைகிறது. நேற்று மின்தூக்கியில் நானும் கிரெட்டாவும் தனியாக இருந்தோம். அவர் கதவையே பார்த்துக்கொண்டு, "முன்னறிவிப்பைக் கேட்டதும் உன் பக்கம் வரலாமான்னுதான் யோசிச்சேன், நாடின். அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வர்ற வரைக்கும்" என்றார். கதவு திறந்தது. போய்விட்டார்.

நாடின்

*

டிசம்பர் 20

அக்கா,

உன் கடிதத்தைப் பணிமனையில் ஒரு பேருந்துக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்தபின்னும் வெளியே வரவில்லை. மேலாளர் காலைத் தட்டி, "உயிரோட இருக்கியா?" என்று கேட்டார்.

மன்னிப்பைப் பிறகு எழுதுகிறேன். நான் நேராகப் பூக்கடைக்குப் போனேன்.

கிறிஸ்துமஸ் வாரம், கடை முழுக்க சிவப்புத் தொட்டிகள். கிரெட்டா என்னைப் பார்த்ததும், "வாங்க ரேடியோக்காரரே, செடிக்குத் தண்ணி ஊத்த வந்தீங்களா?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேங்க."

"ரேடியோவுல திட்டினீங்க, கடையில ரகசியமா மன்னிப்பா? நல்லா இருக்கே."

"சனிக்கிழமை ரேடியோவுலயும் கேக்கறேன்."

"அந்தத் தொட்டிங்கள வேன்ல ஏத்துங்க முதல்ல."

ஏற்றினேன். வேன் நிறைந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அவர் என் எதிரில் வந்து நின்றார். "நான் ஏன் மூடச் சொன்னேன்னு உங்கள்ல ஒருத்தர்கூடக் கேக்கல. கேலி பண்ணீங்க, கடைக் கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டினீங்க. பொறியாளர் அறிக்கையை நான் முழுசாப் படிச்சேன். கனமா பனி விழுந்தா அந்தக் கூரை தாங்குமான்னு அவரே சொல்லத் தயங்கறார். நீங்க சொல்லுங்க. ராத்திரி முழுக்கப் பனி கொட்டின மறுநாள், உங்க பொண்ணை அந்தக் கூரைக்குக் கீழ கோல் முன்னாடி நிக்க வைப்பீங்களா?"

வைப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உனக்கு அந்த வாக்கு வேண்டும், எனக்கும் வேண்டும். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"மாட்டேன்" என்றேன். "போன பிப்ரவரியில ரெண்டு தடவை பயிற்சிய ரத்து பண்ணேன். எனக்குக் காய்ச்சல்னு எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். காய்ச்சல் இல்ல. மேல உத்தரம் முனகற சத்தம் கேட்டுச்சு. கூரைன்னு சொன்னா மூடிடுவாங்கன்னு பயம்."

அவர் ஒரு சின்னத் தொட்டியை எடுத்துக் காகிதம் சுற்றி என் கையில் கொடுத்தார். "இது ஹயசிந்த். பக் இல்ல" என்றார். காசு வாங்கிக்கொண்டார்.

அக்கா, மறுபடியும் நான் கெடுத்துவிட்டேனா?

ரெமி

*

ஜனவரி 4

ரெமி,

நேற்று கிரெட்டா என் வீட்டுக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். சமையலறைக்கு வருவதற்குள் பாதி சொல்லி முடித்திருந்தார்.

உன்னைப் பற்றி, "முட்டாள்தான். ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற முட்டாள்" என்றார். மன்றத்தில் பல ஆண்டுகளாக யாரும் அவருக்கு அப்படி ஒரு பதில் சொன்னதில்லையாம். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். அறிக்கையை நானும் படித்திருந்தேன், ரெமி. கூரையைப் பற்றிய பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். அரங்கம் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதன்பின் படித்தேன்.

அவர் என் பக்கம் வாக்களிப்பார். இடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. ஊர் மையத்தில் கட்டவிருக்கும் புது அரங்கத்துக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கூரையைப் புதிதாகப் போட வேண்டும். இவ்வளவும் நமக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. தீர்மானம் நிறைவேறிய அன்றைக்கே கதவைப் பூட்ட வேண்டும். கூரை முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. வேலை முடிய அடுத்த இலையுதிர்காலம் ஆகிவிடும்.

அதன் அர்த்தம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உன் அணிக்கு இந்தப் பருவத்தில் மிச்சமிருக்கும் சொந்த அரங்க ஆட்டங்கள் இல்லை. எலோடி அடுத்த ஆண்டு பெரிய பெண்கள் அணிக்குப் போய்விடுவாள், அவர்கள் ஆடுவது ஆற்றுக்கு மேற்கே. அவள் நடக்கப் பழகியதிலிருந்து சறுக்கிய அந்த ஐஸில், அவளுடைய அணியோடு அவள் இனி ஆட மாட்டாள். நாம் காப்பாற்றுவது வேறு யாருடைய பிள்ளைகளுக்கோ.

உன்னைக் கேட்காமலே நான் இதை ஏற்கலாம். வாக்கு என்னுடையது. ஒருமுறை உன்னைக் கேட்காமல் கை தூக்கிவிட்டேன். சட்டப்படி அதுதான் சரி, அப்போது வேறு வழியும் இல்லை. இந்த முறை வழி இருக்கிறது, அதனால் கேட்கிறேன். வேண்டாம் என்று நீ சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாடின்

*

ஜனவரி 9

அக்கா,

நான் தனியாக முடிவு செய்யவில்லை. பயிற்சி முடிந்தபின் உடைமாற்றும் அறையில் பெண்களை உட்காரவைத்துச் சொன்னேன். கூரையைப் பற்றியும் சொன்னேன், என் காய்ச்சலைப் பற்றியும்.

பவுலீனின் மகள்தான் ஆரம்பித்தாள். "அப்ப நாம ஜெயிச்சோமா தோத்தோமா, கோச்?"

"ரெண்டும் இல்ல."

"டிராவா?"

"நம்ம லீக்ல டிரா கிடையாதே" என்றாள் இன்னொருத்தி.

"பொய்க் காய்ச்சலுக்கு நான் உங்களுக்கு வாழ்த்து அட்டை செஞ்சு குடுத்தேன், கோச். திருப்பிக் குடுங்க." இது எங்கள் இடதுபக்க ஆட்டக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அட்டை இன்னும் என் குளிர்பெட்டிக் கதவில்தான் இருக்கிறது.

எலோடி சிரிக்கவில்லை. கோல்காப்பாளரின் கால்கவசங்களை அவிழ்ப்பதற்கு எப்போதுமே நேரமாகும். எல்லோரும் போனபின்னும் ஒரு வாரைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒரு ஆட்டம் மட்டும் ஆடிட்டு மூடக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். வானிலையைப் பார்த்து ஒரு நாள் தேர்ந்தெடுத்தால், பனி இல்லாத நாளாகப் பார்த்தால் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் கிரெட்டா என் எதிரில் நிற்பதுபோல் இருந்தது. "கூடாதும்மா" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "கேட்டுப் பாத்தேன்" என்றாள். இடது காலை நீட்டினாள். வார்களை நான் அவிழ்த்துவிட்டேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்தது. இப்போதெல்லாம் அவள் விடுவதில்லை.

சனிக்கிழமை வானொலியில் கிரெட்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் கேட்டேன். மைக் முன்னால் உன்னிடம் கேட்டது சுலபமாக இருந்தது, இங்கே எழுத வரவில்லை. நீ எழுதிய அந்தக் கேள்வி, ஒரு வேளைச் சாப்பாட்டு நேரமாவது தோன்றவில்லையா என்றது, அதற்குப் பதில் இதுதான். தோன்றவில்லை. அவ்வளவுதான்.

கையைத் தூக்கு.

ரெமி

*

ஜனவரி 15

ரெமி,

நீ அங்கே இருந்தாய், ஆனாலும் என் நாற்காலியிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் கை கிரெட்டாவுடையது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு வழக்கமான மூவர். ஐந்தாவது நான். நான்கு பேர் எதிர்த்தார்கள். எழுத்தர் எண்ணிக்கையைப் படித்ததும் மேலே உங்கள் வரிசை எழுந்து கத்தியது. மேயர் சுத்தியலைத் தட்டினார், பிறகு விட்டுவிட்டார். பவுலீன் அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் என்னைப் பார்ப்பது இதுதான் முதல்முறை.

எலோடி கை தட்டவில்லை. அணிச் சட்டையோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்று சொல்ல மாட்டேன். எதிர் அணிக்காரி நடுக்கோட்டைத் தாண்டி வரும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள். மற்றவர்களுக்கு அரங்கம் கிடைத்துவிட்டது என்று கேட்டிருக்கும், அவளுக்குக் கதவு பூட்டுகிறது என்று கேட்டிருக்கும். இரண்டையும் செய்தது என் கைதான்.

அவளைத் தட்டச் சொல்லாதே. நாளைக்கும் சொல்லாதே.

அரங்கத்தின் சாவியைப் பராமரிப்பாளர் கூட்டம் முடிந்ததும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வேண்டாம் என்றேன். யாரிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எழுத்தர் வாங்கி ஒரு உறையில் போட்டு மூடினார்.

வியாழக்கிழமை மேற்குக் கரையில் உங்கள் ஆட்டம் என்று பட்டியலில் பார்த்தேன். வரலாமா? எந்த வாசல்?

நாடின்

*

ஜனவரி 17

அக்கா,

பின்வாசல். மேற்குக் கரையில் விருந்தாளி அணிக்குப் பின்வாசல்தான், இனி எங்களுக்கு எல்லா ஊரிலும் அதுதான். காப்பி மோசமாக இருக்கும், வீட்டிலிருந்து கொண்டுவா.

பெண்களை ஏற்றிவர வண்டி போதவில்லை. உன் காரில் மூன்று பேரையும் மூன்று மூட்டைகளையும் ஏற்றுகிறேன். வியர்த்த கையுறை நாற்றம் கோடைவரை போகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேரில் ஒருத்தி எலோடி. நான் சொல்லவில்லை, அத்தை காரில் வருகிறேன் என்று அவளாகத்தான் சொன்னாள். ஆனால் வழியில் உன்னோடு பேச மாட்டாளாம். அதை முன்கூட்டியே உன்னிடம் சொல்லிவிடச் சொன்னாள், நீ பிறகு வருத்தப்படக் கூடாதாம். முன்சீட்டில்தான் உட்காருவாளாம்.

ஐந்து மணிக்கு வா.

ரெமி